ஸ்லஷ் ஏன் கல்லாக உறைவதில்லை? சீனி, கிளிசரின், தண்ணீர்: ஒரு குளிர்க் கோப்பையின் கணக்கு

பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் ஸ்லஷ் குடித்த சிறுபிள்ளைகள் மயங்கி விழுந்ததாக 2025 மார்ச்சில் ஒரு மருத்துவ ஆய்வு வெளியானது. அந்தச் செய்தி கைபேசிக்குக் கைபேசி தாவித் தமிழுக்கு வந்து சேர்ந்தபோது தலை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம் ஆகிவிட்டது. ஸ்லஷ்ஷில் விஷம் இருக்கிறது என்கிறார் ஒருவர். நிறச்சாயம்தான் காரணம் என்கிறார் இன்னொருவர். சீனி போடாத ஸ்லஷ் வாங்கிக் கொடுத்தால் பயமில்லை என்று மூன்றாமவர் ஆறுதல் சொல்கிறார். இதில் கடைசியாகச் சொன்னதுதான் உண்மைக்கு நேர் எதிர்.

அந்த ஆய்வு பேசிய பொருளின் பெயர் கிளிசரோல். கடைகளில் கிளிசரின் என்ற பெயரில் கிடைப்பது அதுவேதான். குளிர் காலத்தில் வெடித்த உதட்டுக்கும் குதிகாலுக்கும் பூசுகிறோமே, அது. உதட்டுக்குப் பூசும் சாமான் குளிர்பானத்துக்குள் எப்படிப் போனது? அது விளங்க வேண்டுமானால், பாதி ஐஸும் பாதிப் பாகுமாக அந்தக் கோப்பை எப்படி நிற்கிறது என்பது முதலில் விளங்க வேண்டும். அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

எந்தப் பானத்தைச் சொல்கிறோம்?

ஏப்ரலில் நுவரெலியாவுக்குப் போனவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. வசந்தகாலக் கூட்டம் கிரகரி வாவியைச் சுற்றி நகரும்போது, கடை மேசைகளில் இரண்டோ மூன்றோ கண்ணாடித் தொட்டிகள் வைத்த மெஷின் நிற்கும். ஒன்றில் சிவப்பு, ஒன்றில் நீலம், ஒன்றில் பச்சை. உள்ளே வெள்ளைத் திருகு ஒன்று அவசரமில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். கைப்பிடியை இழுத்தால் ஈரமணல்போல ஒரு கூழ் கோப்பைக்குள் சரிந்து விழும். அதுதான் ஸ்லஷ். அட்டன், பண்டாரவளை, பதுளை, கண்டி என்று டவுன் கடைகளிலும் சுப்பர் மார்க்கெட் வாசல்களிலும் நிற்பது இதே வகை மெஷின்தான்.

இதில் இரண்டு சாதி உண்டு. வாயு சேர்க்காத சாதா ஸ்லஷ் ஒன்று. சோடாபோல வாயு ஏற்றி, அழுத்தத்தில் வைத்து உறைய வைப்பது மற்றது. வெளிநாட்டுச் சங்கிலிக் கடைகளில் பேர்பெற்ற ஸ்லர்பி, ஐசீ எல்லாம் இரண்டாவது ரகம். கண்ணாடித் தொட்டிக்குள் திருகு சுற்றுவது வெளியே தெரிந்தால் அது முதல் ரகம். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றியது.

ஐஸ் பக்கற் சொல்லித்தரும் பாடம்

பாடசாலை வாசலில் ஐஸ் பக்கற் வாங்கிக் கடித்தவர்கள் எல்லோரும் ஒரு பௌதிக விதியை நாக்கால் படித்திருக்கிறார்கள். மூலையைக் கடித்து உறிஞ்சினால் முதலில் நிறமும் இனிப்பும் வரும். நாலைந்து உறிஞ்சலுக்குப் பிறகு கையில் மிஞ்சுவது வெள்ளை ஐஸ் கட்டி. அதில் சப்பும் இல்லை, சவரும் இல்லை. சாயத்தை எல்லாம் யாரோ உருவி எடுத்துவிட்டதுபோல இருக்கும்.

தண்ணீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் தமக்குள் ஒழுங்காகக் கைகோத்து அடுக்கில் நிற்கப் பார்க்கின்றன. அந்த அடுக்கில் சீனிக்கு இடமில்லை. ஆகவே ஐஸ் உருவாகும்போது சீனியும் சாயமும் வெளியே தள்ளப்பட்டு, இன்னும் உறையாத தண்ணீரில் சேர்கின்றன. உறைய உறைய, மிச்சத் திரவம் கெட்டிப் பாகாகிக்கொண்டே போகிறது. நாம் முதலில் உறிஞ்சி எடுப்பது அந்தப் பாகைத்தான்.

இதிலிருந்து இரண்டு விளைவுகள் வருகின்றன.

1. சீனி கரைந்த தண்ணீர் 0 பாகை செல்சியஸில் உறைவதில்லை. அதற்கும் கீழே போக வேண்டும். வழியில் சீனி நின்று மறிப்பதால் தண்ணீர் மூலக்கூறுகள் அடுக்கில் சேர்வது கஷ்டமாகிறது. உறைநிலைத் தாழ்வு என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான்.

2. அது ஒரே புள்ளியில் முழுதாக உறைந்துவிடுவதும் இல்லை. கொஞ்சம் உறைந்தால் மிச்சம் கெட்டியாகும். கெட்டியானது உறைய இன்னும் குளிர் வேண்டும். எனவே ஒவ்வொரு வெப்பநிலையிலும் இவ்வளவு ஐஸ், இவ்வளவு பாகு என்று ஒரு சமநிலை நிற்கிறது.

ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் உறைபனி விழும் காலைகளிலும் இதே விதிதான் வேலை செய்கிறது. புல்லின் மேல் நிற்கும் பனித்துளி 0 பாகையை ஒட்டியே உறைந்துவிடும். உருளைக்கிழங்கு இலைக்குள் இருக்கும் சாற்றில் சீனியும் உப்பும் கரைந்திருப்பதால் அது கொஞ்சம் தாமதமாகத்தான் உறையும். அந்தக் கொஞ்சத்தையும் குளிர் தாண்டிப்போன காலைகளில்தான் இலை கருகுகிறது.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

சாதா ஸ்லஷ் கலவையில் சீனி சுமார் 13 சதவீதம் இருக்கும். இந்தத் தொழிலில் இதை 13 பிரிக்ஸ் என்பார்கள். நூறு கிராம் கரைசலில் எத்தனை கிராம் சீனி என்பதுதான் பிரிக்ஸ். மெஷின் நிறுவுபவர்கள் பொதுவாகக் கேட்பது 13 முதல் 15 வரை. இனிச் சாதாரண உறைநிலைச் சூத்திரத்தைப் போட்டால் வருவது இது:

1. 13 சதவீதச் சீனிக் கரைசல் ஏறத்தாழ மைனஸ் 0.8 பாகையில் உறைய ஆரம்பிக்கும்.

2. அதிலுள்ள தண்ணீரில் பாதி உறைந்தால் மிச்சத் திரவம் இரட்டிப்புக் கெட்டியாகும். வெப்பநிலை மைனஸ் 1.6 அளவில் நிற்கும்.

3. மெஷின் ஓடும் மைனஸ் 2.5 பாகை அளவில் தண்ணீரில் மூன்றில் இரண்டு பங்கு ஐஸாகியிருக்கும். மூன்றில் ஒரு பங்கு பாகாகவே இருக்கும்.

அந்த மூன்றில் ஒரு பங்குதான் ஸ்லஷ்ஷை ஸ்லஷ்ஷாக வைத்திருக்கிறது. ஐஸ் துகள்களுக்கு நடுவே ஓடி, ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் வழுக்க வைப்பது அது.

சீனியைக் குறைத்தால் என்ன ஆகும்? 5 சதவீதம் போட்டால், அதே மைனஸ் 2.5 பாகையில் தண்ணீரில் பத்தில் ஒன்பது பங்கு உறைந்துவிடும். கூழ் போய்க் கட்டியாகும். திருகு இறுகும், மோட்டார் முனகும், தொட்டியின் ரப்பர் வளையம் கிழியும். கடைக்காரர் மிச்சம் பிடிக்கத் தண்ணீரைக் கூட்டிக் கலக்க முடியாத பானம் உலகத்தில் உண்டென்றால் அது இதுதான். தேநீரில் சீனியைக் குறைத்தால் வாடிக்கையாளர் முறைப்பார், அவ்வளவுதான். இங்கே மெஷினே நின்றுவிடும்.

ஆக, ஸ்லஷ்ஷில் சீனி இருப்பது வாய்க்கு மட்டும் அல்ல. கலவை உறைந்து போகாமல் பிடித்து நிறுத்தும் வேலையும் அதற்கு உண்டு. குளிர்ந்த நாக்குக்கு இனிப்பு மந்தமாகத்தான் தெரியும் என்பதும் உண்மை. அதனால் ஸ்லஷ் அவ்வளவு தித்திப்பாகத் தோன்றாது. அதே கலவையை உருகவிட்டு, அறை வெப்பத்துக்கு வந்த பிறகு குடித்துப் பாருங்கள். ஒரு மிடறுக்கு மேல் போகாது.

300 மி.லீ. கோப்பை ஒன்றில் இந்தக் கணக்குப்படி சீனி 36 முதல் 40 கிராம் வரை வரும். தேக்கரண்டியில் ஒன்பது, பத்து. வளர்ந்த ஒருவருக்கே நாளொன்றுக்கு 50 கிராமுக்கு மேல் போக வேண்டாம், 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மெஷினுக்குள் என்ன நடக்கிறது?

தொட்டியின் நடுவே கிடைமட்டமாக ஓர் உலோக உருளை இருக்கும். குளிர்சாதனப் பெட்டியில் இருப்பதுபோலவே கம்ப்ரஸர் ஒன்று அதற்குள் குளிர்வாயுவை ஓட்டி அதன் மேற்பரப்பை உறைய வைக்கிறது. கலவை அதில் பட்டு மெல்லிய ஐஸ் படலமாகும். சுற்றிக்கொண்டே இருக்கும் திருகு அந்தப் படலத்தைச் சுரண்டிச் சுரண்டித் தள்ளுகிறது. சுரண்டல் நிற்காததால் ஐஸ் பெரிதாக வளர நேரமில்லை; துகளாகவே தங்கிவிடுகிறது. கூழ் கெட்டியாகிச் சுற்றுவது கனத்தால் மெஷின் அதை உணர்ந்து குளிரூட்டலை நிறுத்தும், தளர்ந்தால் மறுபடி தொடங்கும். அவ்வளவுதான் வித்தை.

இந்த வித்தை ஒரு பழுதில் பிறந்தது. 1950களின் கடைசியில், அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் ஓமர் நெட்லிக் என்பவர் ஐஸ்கிரீம் கடை வைத்திருந்தார். சோடா மெஷின் மக்கர் பண்ணியதால் போத்தல்களைக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்தார். திறந்தால் பாதி உறைந்த சோடா. வந்தவர்கள் அதையே கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். அவர் கார் ஏசி உதிரிப்பாகங்களைக் கொண்டு மெஷின் ஒன்றைக் கட்டினார். 1960களின் நடுவில் செவன் இலெவன் கடைகள் அந்த மெஷினை எடுத்துக்கொண்டு, பானத்துக்கு ஸ்லர்பி என்று பெயர் வைத்தன. போத்தல் சோடாவைக் குளிர்ப்பெட்டியில் மறந்துவிட்டு, எடுத்துத் தட்டியதும் அது கண்முன்னே கூழாவதை நம்மிலும் பலர் பார்த்திருப்போம். பார்த்துவிட்டுக் குடித்திருப்போம், மெஷின் கட்டத் தோன்றவில்லை.

சீனியை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் எதை வைப்பது?

இப்போது செய்திக்கு வருவோம். 2018 ஏப்ரலில் பிரித்தானியா இனிப்புப் பானங்களுக்கு வரி போட்டது. 100 மி.லீ.க்கு 5 கிராம் சீனி தாண்டினால் ஒரு வரி, 8 கிராம் தாண்டினால் கூடுதல் வரி. போத்தல் பானக் கம்பனிகளுக்கு இதைச் சமாளிப்பது பெரிய காரியமில்லை. சீனியைக் குறைத்து, அஸ்பார்டேம், சுக்ரலோஸ் போன்ற செயற்கை இனிப்பைப் போட்டார்கள். சீனியைவிட நூற்றுக்கணக்கான மடங்கு இனிப்பதால் ஒரு சிட்டிகையே காணும்.

ஸ்லஷ்காரர்கள் மாட்டிக்கொண்டது அந்தச் சிட்டிகையில்தான். உறைநிலையைத் தாழ்த்துவது இனிப்பு அல்ல, கரைந்திருக்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை. சிட்டிகை சுக்ரலோஸில் நாக்குக்குப் போதிய இனிப்பு இருக்கும். ஐஸை மறிக்க ஆள் போதாது. கலவை கல்லாகிவிடும். ஆள் கூட்ட ஏதாவது போட வேண்டும். உப்பு போட்டால் வேலை நடக்கும், குடிக்க முடியாது. மதுசாரமும் நன்றாக வேலை செய்யும், பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாது. மிச்சம் நின்றது கிளிசரோல்.

சீனி மூலக்கூறின் எடை 342. கிளிசரோலின் எடை 92. ஒரு கிராம் சீனியில் இருப்பதைப்போல ஒரு கிராம் கிளிசரோலில் கிட்டத்தட்ட 3.7 மடங்கு மூலக்கூறுகள் இருக்கின்றன என்று அர்த்தம். அதனால் 12 கிராம் சீனி போட வேண்டிய இடத்தில் 5 கிராம் கிளிசரோலே தாராளம். வாசனை இல்லை, லேசான இனிப்பும் உண்டு. உணவில் சேர்க்க அனுமதிக்கப்பட்ட பொருள்தான். லேபிளில் ஈ 422 என்ற எண்ணில் நிற்கும். தேங்காய் எண்ணெயில் சவர்க்காரம் காய்ச்சும்போது பிரிந்து வருவதும் இதே சரக்கு. கேக்கிலும் சூயிங்கத்திலும் இருமல் பாணியிலும் இருக்கிறது, அங்கே யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை. ஸ்லஷ்ஷில் வித்தியாசம் அளவில் இருக்கிறது: ஒரு லீற்றருக்கு 50 கிராம்.

மயங்கிய பிள்ளைகளுக்கு என்ன நடந்தது?

ஆய்வில் இருந்தவர்கள் 21 பிள்ளைகள். வயது 2 முதல் 7 வரை. பெரும்பாலானோர் ஸ்லஷ் குடித்த ஒரு மணி நேரத்துக்குள் சோர்ந்து, நினைவு மங்கி வைத்தியசாலைக்கு வந்தவர்கள். இரத்தத்தில் சீனி அளவு விழுந்திருந்தது. இரத்தத்தில் அமிலத்தன்மை கூடியிருந்தது. இதில் வைத்தியர்களைக் குழப்பிய விஷயம் ஒன்று உண்டு: இரத்தப் பரிசோதனையில் கொழுப்பின் ஒரு வகையான ட்ரைகிளிசரைட் கூடியிருப்பதாகக் காட்டியது. ஆய்வுகூடங்கள் ட்ரைகிளிசரைட்டை அளப்பது அதிலிருந்து பிரியும் கிளிசரோலை வைத்து. பிள்ளையின் இரத்தத்தில் ஏற்கெனவே கிளிசரோல் மிதந்துகொண்டிருந்தால், கொழுப்பு கூடியதுபோல இயந்திரம் பொய்க்கணக்கு சொல்லும். இந்த அடையாளங்கள் எல்லாம் சேர்ந்து பார்க்கும்போது பிறவியிலேயே வரும் ஒரு வளர்சிதைக் கோளாறு போலத் தெரிந்ததால் பரிசோதனைகள் அந்தத் திசையிலும் போயின. பிள்ளைகள் தேறினார்கள்.

ஏன் சிறுபிள்ளைகளுக்கு மட்டும்? எடைதான் முக்கியக் காரணம். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 125 மில்லிகிராம் என்ற அளவு கிளிசரோல் ஒரு மணி நேரத்துக்குள் போனாலே தலைவலி, குமட்டல் போன்ற விளைவுகள் தொடங்கலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2017இல் சொன்னது. இதை வைத்துக் கணக்குப் பாருங்கள்:

1. 16 கிலோ எடையுள்ள நான்கு வயதுப் பிள்ளைக்கு இந்த அளவு 2 கிராம்.

2. லீற்றருக்கு 50 கிராம் உள்ள ஸ்லஷ்ஷில் 2 கிராம் கிளிசரோல் 40 மி.லீ.யில் வந்துவிடும். மேசைக்கரண்டியில் மூன்றுகூட இல்லை.

3. 350 மி.லீ. கோப்பையை முழுதாகக் குடித்தால் உள்ளே போவது 17.5 கிராம்.

70 கிலோ எடையுள்ள தகப்பனுக்கு அந்த எல்லை 8.75 கிராம். அவரே முழுக் கோப்பையையும் மளமளவென்று குடித்தால் எல்லையைத் தாண்டிவிடுவார். ஆனால் அவர் தாண்டுவது இரண்டு மடங்கு. பிள்ளை தாண்டுவது எட்டு, ஒன்பது மடங்கு.

பிரித்தானிய உணவுத் தர முகவரகம் 2023இல், நான்கு வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்குக் கிளிசரோல் கலந்த ஸ்லஷ் விற்க வேண்டாம் என்று வழிகாட்டியது. பத்து வயதுக்குட்பட்டோருக்கு இலவசமாக மீண்டும் நிரப்பிக் கொடுப்பதையும் நிறுத்தச் சொன்னது. 2025இல் அதை இறுக்கி, ஏழு வயதுக்குட்பட்டோர் குடிக்கவே வேண்டாம், ஏழிலிருந்து பத்து வரை 350 மி.லீ. ஒன்றுக்கு மேல் வேண்டாம் என்றது. சீனி போட்ட ஸ்லஷ்ஷுக்கு இந்த அறிவுரை பொருந்தாது. அது வேறு வகையில் கெடுதல், அவ்வளவுதான்.

ஸ்ட்ரோ செய்யும் குறும்பு

ஐஸ் பக்கற்றில் பார்த்ததை இங்கே மறக்கக்கூடாது. கோப்பையில் இருப்பது சீராகக் கலந்த பானம் அல்ல. ஐஸ் துகளில் சீனியும் இல்லை, கிளிசரோலும் இல்லை. அத்தனையும் நடுவில் ஓடும் பாகில். மைனஸ் 2.5 பாகையில் அந்தப் பாகில் சீனி 30 சதவீதம் அளவுக்கு ஏறியிருக்கும். கிளிசரோல் ஸ்லஷ்ஷாக இருந்தால், லேபிளில் 5 என்று இருப்பது பாகில் 11 சதவீதம். ஸ்ட்ரோவால் உறிஞ்சும் பிள்ளை முதலில் இழுப்பது இந்தப் பாகைத்தான். கோப்பையில் பாதி மிச்சம் இருக்கிறதே, பிள்ளை அதிகம் குடிக்கவில்லை என்று தாய் நினைப்பார். மிஞ்சியிருப்பதோ வெளிறிப்போன ஐஸ். சரக்கு ஏற்கெனவே வயிற்றுக்குள்.

எனவே கோப்பையின் அளவு எவ்வளவு முக்கியமோ, குடிக்கும் வேகமும் அவ்வளவு முக்கியம். விளையாடிக் களைத்து, வெறும் வயிற்றோடு வந்து ஒரே மூச்சில் இழுப்பதுதான் மோசமான சேர்க்கை.

நம் கடைகளில் இருப்பது எது?

மெஷினைப் பார்த்தோ ருசியைப் பார்த்தோ சொல்ல முடியாது. தொட்டியில் ஊற்றும் பாகு பெரிய கேனில் வருகிறது. அதன் லேபிளில் சேர்பொருட்கள் இருக்கும். சீனி முதலிடத்தில் இருந்தால் சீனி ஸ்லஷ். சீனியற்றது, சீனி குறைந்தது என்று எழுதி, கூடவே கிளிசரோல், கிளிசரின், ஈ 422 ஆகியவற்றில் ஒன்று இருந்தால் அது இந்தச் செய்தியில் வந்த ஸ்லஷ்.

இலங்கையில் இனிப்புப் பானங்களுக்கு இரண்டு கட்டுப்பாடுகள் வந்தன. 2016 ஓகஸ்ட் முதல் போத்தலிலும் பெட்டியிலும் வரும் பானங்களுக்கு நிற வட்டம்: 100 மி.லீ.யில் சீனி 11 கிராமுக்கு மேல் போனால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், 2 கிராமுக்குக் கீழே பச்சை. அடுத்து 2017 நவம்பரில் ஒரு கிராம் சீனிக்கு 50 சதம் என்று வரி. அது பிறகு திருத்தப்பட்டது. 13 சதவீதச் சீனி ஸ்லஷ்ஷுக்கு வட்டம் போடுவதென்றால் சிவப்புத்தான் போட வேண்டும். ஆனால் கோப்பையில் இழுத்துக் கொடுக்கும் பானத்தில் வட்டம் ஏது? இங்கே ஒரு சூட்சுமமும் இருக்கிறது. கிளிசரோல் சீனி அல்ல. சீனியை மட்டும் பார்த்து வட்டம் போட்டால் கிளிசரோல் ஸ்லஷ் பச்சையாகவே வந்துவிடும். பச்சை வட்டம் சொல்வது சீனி குறைவு என்பதை மட்டும். சிறுபிள்ளைக்கு ஏற்றது என்பதை அல்ல.

மலையகத்துக்குப் பெரிய கேள்வி தண்ணீர்

என்னைக் கேட்டால், நம் பக்கத்தில் முதலில் விசாரிக்க வேண்டியது கிளிசரினை அல்ல, தண்ணீரை. ஒரே கடை, ஒரே குழாய். அதிலிருந்து பிடித்த தண்ணீரில் பிளேன்டீ போடுகிறார்கள், அதே தண்ணீரில் ஸ்லஷ் கலக்கிறார்கள். தேநீர்த் தண்ணீர் கொதிக்கிறது. 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் அது 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும் என்றாலும் கிருமி சாக அந்தச் சூடு தாராளம். ஸ்லஷ் தண்ணீர் எந்தக் கட்டத்திலும் சூடாவதில்லை. கேனிலிருந்து பாகு, குழாயிலிருந்து தண்ணீர், நேரே தொட்டி.

உறைய வைத்தால் கிருமி செத்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. குளிர் கிருமியைத் தூங்க வைக்கும்; கொல்வதாகச் சொல்ல முடியாது. வைரஸ்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். ஜெர்மனியில் 2012இல் உறைந்த ஸ்ட்ரோபெரி பழத்தின் மூலம் நோரோவைரஸ் பரவி ஏறத்தாழ 11,000 பேர் வாந்தியும் வயிற்றோட்டமுமாக விழுந்தார்கள். பழம் கப்பலில் ஐஸாகவே வந்தது. செங்கமாரி என்று நாம் சொல்லும் நோயை உண்டாக்கும் ஹெப்படைட்டிஸ் ஏ வைரஸும் உறைநிலையைத் தாங்கும். அது தண்ணீரில் வரும் என்பதை மலையகத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2007இல் கம்பளை அதைப் பார்த்திருக்கிறது.

தோட்டத்துப் பீலித் தண்ணீராகட்டும், டவுன் குழாயாகட்டும், மழை விட்ட மறுநாள் கலங்கி வருவதைக் கண்ணால் காண்கிறோம். பருவக் கூட்டம் நெரியும் நாட்களில் கடைகள் தாங்கியில் தண்ணீர் வாங்குவதும் உண்டு. அந்தத் தாங்கி எந்த ஊற்றில் நிரம்பியது என்று யார் கேட்கிறார்கள்?

தண்ணீருக்கு அடுத்தது மெஷினின் சுத்தம். கிருமி கூடுகட்டும் இடங்கள் மூன்று:

1. கைப்பிடிக்குக் கீழே உள்ள வாய். உள்ளே மைனஸில் இருந்தாலும் இந்த நுனி அறை வெப்பத்தில், சீனி ஒட்டியபடி இருக்கும். ஈ உட்காருவது இங்கேதான்.

2. தொட்டி உருளையோடு சேரும் இடத்திலுள்ள ரப்பர் வளையம். அதற்குப் பின்னால் போய்ச் சேரும் பாகு, கழற்றினால் ஒழிய வெளியே வராது. கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும்.

3. கீழே நிற்கும் சிந்தல் தட்டு. இதைப் பார்த்தாலே கடைக்காரரின் மற்றப் பழக்கங்களும் தெரிந்துவிடும்.

சரியான பராமரிப்பு என்றால் தொட்டியைக் காலி செய்து, திருகையும் வளையத்தையும் கழற்றி, இளஞ்சூட்டு நீரில் கழுவி, கிருமிநீக்கி போட்டு, உணவுக்கு உகந்த கிரீஸ் தடவி மாட்ட வேண்டும். பழைய மிச்சத்தின் மேலேயே புதுக் கலவையை ஊற்றிக்கொண்டே போனால், தொட்டியின் அடியில் போன வாரமும் இருக்கும்.

மின்வெட்டு இன்னொரு வில்லன். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் போனது நினைவிருக்கும். அவ்வளவு வேண்டாம், மரம் விழுந்து மூன்று மணி நேரம் லைன் போனாலே தொட்டி உருகிச் சாதாத் திரவமாகிவிடும். கரண்ட் வந்ததும் மெஷின் மறுபடி உறைய வைக்கும். ஐஸ் துகள் பருத்து, நறநறவென்று பல்லில் கடிபடும். துகள் பெரிதாக இருந்தால் ஒன்று, சீனி குறைவு. இல்லையேல் அது உருகி உறைந்த சரக்கு. இரண்டில் எது என்று கேட்பதில் தப்பில்லை.

சில சின்ன விஷயங்கள்

மளமளவென்று குடித்தால் நெற்றிப்பொட்டில் சுரீரென்று வலிப்பது வாயின் மேற்கூரை சட்டென்று குளிர்வதால். ஒரு நிமிடத்தில் போய்விடும். கிளிசரோலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நீல நிறத்துக்கும் அந்த மயக்கங்களுக்கும்கூடச் சம்பந்தம் இல்லை. கொழும்பிலிருந்து வந்த சிப்ஸ் பக்கற் நானுஓயா தாண்டும்போது பலூனாக ஊதியிருப்பதைப் பார்த்துவிட்டு, ஸ்லஷ்ஷும் இங்கே வேறு மாதிரி உறையுமோ என்று கேட்பவர்கள் உண்டு. காற்றழுத்தம் கொதிநிலையை மாற்றும். உறைநிலையை நம் மலை உயரத்துக்கு மாற்றுவதாகச் சொல்லவே முடியாது.

கடையில் நின்று என்ன கேட்பது? யாரிடம் சொல்வது?

முதல் கேள்வி: பாகுக் கேனைக் கொஞ்சம் காட்ட முடியுமா? நல்ல கடைக்காரர் காட்டுவார். இரண்டாவது: தண்ணீர் எங்கே பிடிப்பது, வடிகட்டியதா, கொதித்து ஆறியதா? மூன்றாவதைக் கேட்க வேண்டாம், பார்த்தாலே போதும்: மெஷினின் வாயும் சிந்தல் தட்டும்.

சந்தேகமாக இருந்தால் உங்கள் பகுதி பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம், அதாவது பீ.எச்.ஐ.யிடம், சொல்லலாம். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின்படி கடைக்குள் போகவும் மாதிரி எடுக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விசாரித்தால் அவரைப் பிடிக்கலாம். விலை, லேபிள் போன்ற முறைப்பாடுகளுக்கு நுகர்வோர் விவகார அதிகாரசபையின் 1977 இலக்கம்.

ஸ்லஷ் குடித்து ஒரு மணி நேரத்துக்குள் சிறுபிள்ளை வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தால், வெளிறி வியர்த்தால், கேட்டதற்குக் குழறிப் பதில் சொன்னால், பஸ்ஸில் களைத்துவிட்டது என்று மடியில் சாய்த்துக்கொள்ள வேண்டாம். நினைவோடு, விழுங்கும் நிலையில் இருந்தால் சீனித்தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. பக்கவாட்டில் படுக்கவைத்து 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். வைத்தியரிடம் மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: ஸ்லஷ் குடித்தது, எத்தனை மணிக்கு, எவ்வளவு. கோப்பையில் வெள்ளை ஐஸ் மிச்சம் இருந்தால் அதைக் கொட்டாமல் கொண்டுபோங்கள். கூட வந்த யாராவது ஒருவர் கடைக்குத் திரும்பி ஓடி, கேனின் லேபிளைப் போனில் படம் எடுத்து அனுப்பட்டும்.